கேட்காமல் எழுதிய பெயர்

திங்கள், ஒக்டோபர் 7

காலையிலிருந்து மூட்டம். பின்னேரம் இடியுடன் மழை, வெள்ளவத்தைக் காலி வீதியில் தண்ணீர். வெளிநாட்டுக்குக் கதைக்க வந்த சனம் முழுவதும் கடைக்குள் ஒதுங்கி, ஈரக் குடைகளைப் போட்டோக்கொப்பி மெஷினுக்கு மேல் வைத்துவிட்டது. முதலாளியின் ஏச்சு எனக்கு.

செய்ய வேண்டியவை: மெஷினுக்கு மை. மூன்றாவது பூத் கதவுக்குக் கொளுக்கி. அம்மாவுக்குக் கடிதம், யாழ்ப்பாணம் போகிற ஆள் கிடைத்தால். பொலிஸ் பதிவுத் துண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை; அது கையில் இல்லாத தமிழனைக் கொழும்பில் ஏற்றிவிடுவார்கள். மழையில் மை கரைகிறது. துண்டு கரைந்தால் நானும் கரைந்த மாதிரித்தான்.

பூத்துக்குள்ளிருந்து கேட்டது: "தம்பியை விட்டிட்டாங்கள் அண்ணை. சாப்பிடுறான். கதைக்கிறான் மட்டும் இல்லை."

மழை விட்ட பிறகு கடைக்கு ஒரு கோல். ரா. பேசினாள். (முழுப்பெயர் வேண்டாம். யாராவது இதை எடுத்துப் பார்த்தால் ராமலிங்கம் என்று நினைக்கட்டும். ஆனால் "பேசினாள்" என்று எழுதிவிட்டேன். ராமலிங்கம் போச்சு.) புறக்கோட்டையில் அவள் வேலை செய்யும் சேலைக்கடையிலிருந்து எடுத்தாள். பின்னால் துணி கிழிக்கிற சத்தம். புதன்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வரச் சொன்னாள். ஏன் என்றேன். துணிச் சத்தம் குறைந்தது, ரிசீவரோடு ஒதுங்கியிருக்கிறாள். பிறகு, "தள்ளிப் போயிருக்குங்க," என்றாள்.

முதலாளி பக்கத்தில் நின்றார். "சரி, அனுப்பிவிடுகிறேன்" என்று ஏதோ பார்சல் கதை மாதிரிச் சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு எடுத்த கொப்பி எல்லாம் கோணல்.

புதன், 9

வெயில். வியர்வை. லீவு கேட்க வயிற்றுவலி என்றேன். பொய்யும் இல்லை.

பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பதிவுத் துண்டு, பை. கொட்டாஞ்சேனைக்கு ஏன் போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்டான். "பள்ளிய" என்றேன், சிங்களத்தில் மாதா கோவில். என் நெற்றியில் திருநீறு. அவன் திருநீற்றைப் பார்த்தான், சிரித்தான், விட்டுவிட்டான். பயந்தால் என் வாயில் வருவது இப்படித்தான். யோசித்து ஒன்றும் வருவதில்லை.

சிறுநீர் சோதிக்கும் லாப்பில் கவுண்டர் பெண் மிஸ்ஸா, மிஸிஸா என்று கேட்டாள். ரா. தடுமாறவே இல்லை, மிஸிஸ் என்றாள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவு எடுக்கப் பிறகு வரச் சொன்னார்கள். இடையில் பேக்கரியில் இருந்தோம். அவள் மீன் வைத்த மாலுபாண் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டாள். எனக்குத் தேத்தண்ணீரே இறங்கவில்லை.

முடிவு: ஓம்.

அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அதே பைக்குள்தான் நேர்முகக் கடிதமும் இருக்கிறது. தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள். ஹட்டனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மாதத் தொடக்கம். அவளுடைய தோட்டத்தில் இதுவரை ஒருத்தியும் ரீச்சர் ஆனதில்லை. அந்த விண்ணப்பத்துக்குக் கொப்பி எடுக்கத்தான் முதன்முதல் எங்கள் கடைக்கு வந்தாள்.

நடந்துகொண்டே கேட்டாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் பாத்துக்கொள்ளுறன்."

என்னத்தைப் பார்ப்பது? எனக்கே தெரியாது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு றோட்டைப் பார்த்தாள். அதன்பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒரு பதில் சொல்லிவிட்டதாக பஸ்ஸில் ஏறும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி, 11

நித்திரை இல்லை. றெயில் போகும்போதெல்லாம் கட்டில் அதிருகிறது, ஜீப் என்று நினைத்து எழும்பிவிடுகிறேன்.

பயங்கள். எழுதினால் குறையுமா பார்ப்போம்.

அம்மா. மலைநாட்டுப் பெட்டை என்றால் அம்மா வாய் திறக்கமாட்டா. சாப்பிடாமல் படுத்துவிடுவா. அது ஏச்சைவிட மோசம்.

தங்கச்சியின் கலியாணப் பேச்சு.

ரா.வின் அண்ணன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை. ஒருமுறை படத்தில் பார்த்தேன். பெரிய கை.

அவளுக்கு ஏதாவது நடந்து அவள் செத்துப் போனால். (இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.)

இரண்டு பேரில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால்.

குழந்தை.

அந்தச் சொல்லைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதுவும் யோசிக்காமல்தான்.

கடைக்கு அடிக்கடி வரும், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரர், என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பொம்பிளைப் பிரச்சினையோ தம்பி, மருதானைப் பக்கம் ஒரு இடம் இருக்கு, காதும் காதும் வைச்ச மாதிரி முடிப்பினம் என்றார். இல்லை, பல்வலி என்றேன். இந்த மனிதனுக்கு எப்படித் தெரிந்தது? என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

இரவுச் சோறு வடிக்கும்போது பவனிடம் சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை, ஒரே றூம். பவன் பிரான்ஸ் போகக் காத்திருக்கிறான். அவனுடைய ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்கிறான். பவன் கஞ்சியை வடித்து முடித்தான். பிறகு கேட்டான், "அவளிட்டக் கேட்டனியோ?"

என்னத்தை?

"அவளுக்கு என்ன வேணும் எண்டு."

அவள் ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறாள், இந்த நேரத்தில் கேள்வி கேட்டுக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்றேன். பயந்துபோயிருப்பது யார் என்று பவன் கேட்டான். கோபம் வந்தது. மருதானை இடத்தைச் சொன்னேன். அந்த ஆளின் பக்கமே போகாதே என்றான், அவன் குரல் மாறிவிட்டது. அவனுடைய அக்கா பிள்ளை பெற முந்திப் பார்த்த ஒரு லேடி டொக்டர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாவாம், பறங்கி மனுசி, வாய் கொஞ்சம் காரம், ஆனால் கதை வெளியே போகாதாம். செவ்வாய்க்கு நேரம் எடுத்துத் தருகிறேன் என்றான்.

சனி, 12

பளிச்சென்ற காலை. இன்று ஒரு ஆம்பிளை மாதிரிக் காரியம் செய்தேன்.

வீட்டுக்காரி பரமேஸ் அன்ரியிடம் நேரே போய், எனக்குக் கலியாணப் பதிவு எழுதியாயிற்று, மனைவி வரப்போகிறா, பின் அறை வேண்டும் என்று கேட்டேன். பவன் வெளிநாடு போகும்வரை எங்கள் றூம் அவனுக்கு, பின் அறை சும்மாதான் கிடக்கிறது. அன்ரிக்கு வாய் காதுவரை. தனிப் பெடியள் இருந்தால்தானே செக்கிங்குக்கு வருகிறவன் துருவித் துருவிக் கேட்கிறான், குடும்பம் எண்டால் பயமில்லை என்றா. எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டா. மாத்தளை என்றேன். தோட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்ரி அதற்குமேல் கிண்டவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. ஆள் வந்து பாயை விரிக்கமுந்திப் பொலிஸில் பதிய வேண்டும். அன்ரியின் சட்டம் அது. பதியாத ஆள் ஒரு இரவு படுத்ததால் பக்கத்து வீட்டையே ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

ரா.வின் அடையாள அட்டைக் கொப்பி என்னிடம் இருந்தது. அவள் விண்ணப்பத்துக்கு எடுத்த அன்று ஒரு கொப்பி கூடுதலாக எடுத்து பேர்ஸுக்குள் வைத்தனான். அவளுடைய படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கறுப்பாக, கண் மட்டும் தெரியும்.

அன்ரியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். வீட்டுப் பதிவுத் தாளில் என் பெயருக்குக் கீழே அவள் பெயர். உறவு: மனைவி. கொழும்பில் தங்கும் காரணம்: கணவனுடன் இருக்க. எழுதினவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை, சீல் குத்தித் தந்தார். ஸ்டேஷனுக்குள் போய் நான் நடுங்காமல் வெளியே வந்த முதல் நாள். கணவனுடன் இருக்க என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அறையைக் கூட்டினேன். ஒரு புது வாளி வாங்கினேன், பச்சை.

ஞாயிறு, 13

மப்பு வானம். கடற்கரைத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் வழக்கமாக இருக்கும் கல். அறை பார்த்துவிட்டேன், கலியாணத்தை எழுதுவோம், அன்ரியிடமும் சொல்லியாயிற்று என்றேன். அவள் சந்தோஷத்தில் அழுவாள், நான் ஆறுதல் சொல்ல வேண்டிவரும் என்று ஒத்திகை எல்லாம் பார்த்துக்கொண்டு போனேன்.

அவள் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினாள். அவசரமில்லாமல் தட்டினாள்.

"என்கிட்ட கேட்டீங்களா?"

உமக்காகத்தான் செய்தனான் என்றேன். தனக்கு என்ன வேணும் என்று தனக்கே இன்னும் தெரியவில்லை, அதற்கிடையில் அறையும் பார்த்து வாளியும் வாங்கியாயிற்றா என்றாள். (வாளியைப் பற்றியும் சொல்லித் தொலைத்திருந்தேன்.) வச்சுக்கிறதா வேணாமா, நேர்முகத்துக்குப் போறதா, வீட்டுக்கு எப்படிச் சொல்றது, இதையெல்லாம் ஒருத்தரோடு இருந்து பேச வேண்டும் என்றுதான் அன்றைக்கு என்னைக் கேட்டாளாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் வாயை அடைத்தது போலிருந்ததாம். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

டொக்டரிடம் வரச் சம்மதித்தாள். அது ஒன்றுதான் மிச்சம்.

பொலிஸ் பதிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அறை என்றதற்கே இப்படி.

றூமுக்கு வந்து பவனிடம் மனம் நொந்து சொன்னேன், பதிவையும் சேர்த்து. பவன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். அவள் கொட்டாஞ்சேனையில் பெட்டைகள் தங்கும் போடிங்கில் இருக்கிறாளே, அங்கே பதியவில்லையா என்று கேட்டான்.

பதிந்திருக்கிறாள். எல்லோரும் பதிவார்கள்தானே என்றேன்.

"அப்ப ஒரு தமிழ்ப் பெட்டை, ஒரே ஐ.சி. அட்டை, ரெண்டு பொலிஸில ரெண்டு வீடு. என்ன செய்து வைச்சிருக்கிறாய் மச்சான்?"

இரண்டு இடத்தில் பதிவு வைத்திருந்ததற்காகப் பெடியளைக் கொண்டுபோன கதைகளை நானே பூத் வாசலில் நின்று எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். எனக்கு ஏன் அது நினைவு வரவில்லை? புத்தி முழுவதும் அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டது. மனைவி.

திங்கள், 14

நவராத்திரி. கடையில் படம் வைத்து அவல் படைத்தார்கள். கும்பிட்டது ஒன்றுக்காக மட்டும், அந்தப் பதிவு ஒருவர் கண்ணிலும் படக்கூடாது.

ஸ்டேஷன் வாசல்வரை போனேன். பெயரைச் சேர்க்கப் போனால் சீல் குத்துகிறார்கள். பெயரை எடுக்கப் போனால் ஏன் என்று கேட்பார்கள். ஆள் எங்கே, ஏன் வரவில்லை, எங்கே போனாள். என் சிங்களத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. ரா.வின் சிங்களம் தண்ணீர் மாதிரி. அவளைக் கூட்டிக்கொண்டு போனால் முடியும். அதற்கு முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்துவிட்டேன். கோழை. எழுதி வைக்கிறேன்.

செவ்வாய், 15

மழை. டொக்டரின் அறையில் பழைய மின்விசிறி, சுவரில் மாதா படம், வாசலில் பூனை. முதலில் ரா. தனியாக உள்ளே. கதவு சாத்தியிருந்தது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கப் பார்த்தேன், பூனை கத்தியது. நெடுநேரம். உள்ளே அவள் சிரித்த சத்தம் ஒருமுறை கேட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு!

பிறகு என்னை மட்டும் கூப்பிட்டா. நான் நினைத்தது ஏச்சு விழும் என்று. அவ என்னுடைய பெயர், வேலை, எங்கே சாப்பிடுகிறாய், நித்திரை வருகிறதா என்று கேட்டா. நித்திரையா? யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. பூனையைப் பார்ப்பது மாதிரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வெட்கக்கேடு.

இந்த நாட்டுச் சட்டம் கருவைக் கலைக்க இடம் விடுவதில்லை, தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. தன்னிடம் அந்தக் கதை இல்லை என்றா. ஆனால் சந்துபொந்துகளுக்குள் போய் முடிந்த பெட்டைகளைத் தான் ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பதாகவும், எது நடந்தாலும் ஒளிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றும், நாள் போகப் போக யோசிக்கும் நேரம் குறையும் என்றும் சொன்னா. பெறுவதென்றால் என்ன, பெற்றுத் தத்துக் கொடுப்பதென்றால் என்ன, எல்லாம் ரா.விடம் சொல்லியிருக்கிறாவாம். முடிவு அவளுடையது.

"அப்ப நான் என்ன செய்யிறது, டொக்டர்?"

"நீயா? ஓடாம இரு. கேளு. கேட்டா பதில் வர்ற வரைக்கும் வாய மூடு. உன் பயத்த அவ தலைல ஏத்தாத, அந்த றூம் பெடியன்கிட்ட சொல்லு. அதுக்குத்தானே அவன் இருக்கான்."

அவளிடம் என் பயத்தைச் சொல்லவே கூடாதா என்று கேட்டேன். சொல்லலாம், ஆனால் அதை அவள் தீர்த்துவைக்க வேண்டும் என்று நிற்காதே என்றா. அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தா.

வெளியே வந்ததும் பதிவு விஷயத்தைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக. பஸ் தரிப்பிடத்தில் இரண்டு ஆமிக்காரர் வந்து நின்றார்கள். பிறகு அவளுடைய பஸ் வந்தது.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

வியாழன், 17

நேற்றும் சொல்லவில்லை.

இன்று விடியச் சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக. நாய்கள் குரைத்த பிறகுதான் விளங்கியது. எல்லோரும் வீட்டு வாசலில், கையில் ஐ.சி. அன்ரி நைட்டிக்கு மேல் சால்வை. சார்ஜன்ட் வீட்டுப் பதிவுத் தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க ஆட்கள் கை தூக்கினார்கள். அவள் பெயர் வந்தது. ஒருவரும் கை தூக்கவில்லை.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். "நோனா கோ?"

மனைவி எங்கே. அவ்வளவுதான் கேட்டார். ஊருக்குப் போய்விட்டா என்று சொல்லியிருக்கலாம், சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது கொட்டாஞ்சேனை. தெருப் பெயரோடு சொன்னேன். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். பவன் ஒரு அடி முன்னால் வந்தான், துவக்கை நீட்டித் தடுத்துவிட்டார்கள்.

அவளைக் காட்டிக் கொடுத்தது என் வாய்தான். ஜீப்புக்குள் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போடிங் வாசல். வேலைக்குப் புறப்பட்ட பெட்டைகள் மதிலோடு வரிசையாக. ரா. தலை முழுகி ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள். முதலில் என்னைக் கண்டாள், பிறகு எனக்குப் பின்னால் நின்றவர்களை. சார்ஜன்ட் ஒரு கையில் கொட்டாஞ்சேனைத் துண்டு, மறு கையில் வெள்ளவத்தைத் தாள். இரண்டையும் அவளுக்குக் காட்டினார். தாளோடு குத்தியிருந்த அடையாள அட்டைக் கொப்பியை அவள் கண்டுகொண்டாள். அவள் நெற்றி சுருங்கி விரிந்ததைப் பார்த்தேன். இவன் உன் புருஷனா என்று சார்ஜன்ட் கேட்டார்.

ஓம் என்றால் இரண்டு வீட்டுக்காரி, அவளை ஏற்றுவார்கள். இல்லை என்றால் பொய்ப் பதிவு, என்னை ஏற்றுவார்கள். அவளுக்கு அந்த இரண்டு கதவையும் செய்து கொடுத்தது நான்.

அவள் இரண்டும் சொல்லவில்லை. சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினாள். நிதானமாக, நீளமாக, சேலைக்கடையில் சாமானைப் பற்றி வாடிக்கைக்காரருக்குச் சொல்கிற குரலில். எனக்குப் பிடிபட்டது இரண்டு சொல். ஒன்று "பபா", குழந்தை. மற்றது "மோடயா", மடையன். வரிசையில் நின்ற பெட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போடிங்கார அன்ரி வாயைப் பொத்தினா. சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய முகம் கொஞ்சம் இளகியது, பிறகு மறுபடி பொலிஸ் முகம்.

இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். அவளுக்கு ஓங்காளம் வந்தது, ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் கொடுத்தார். நான் எழும்பினேன், இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். மத்தியானம் பவன் பரமேஸ் அன்ரியைக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தான். அன்ரி என் பக்கம் திரும்பவில்லை.

போகமுந்தி சார்ஜன்ட் தாளை என் முன்னால் போட்டார். என் கையாலேயே அவள் பெயரை வெட்டச் சொன்னார். வெட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள், ஒரு எழுத்து தெரிகிறது, திரும்ப வெட்டுங்க என்றாள். திரும்ப வெட்டினேன். கொப்பியைப் பொலிஸ் வைத்துக்கொண்டது.

வாசலில் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதே போதாது என்று எனக்கே தெரிந்தது. என்ன சொன்னீர் அவரிடம் என்று கேட்டேன்.

"உள்ளத சொன்னேன். வயித்துல புள்ள இருக்கு, இந்தாளு பயந்துபோய் என்னைக் கேட்காம எழுதிப்புட்டாரு, கெட்டவர் இல்ல, மடையன்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தத நடுத்தெருவுல சொல்ல வச்சிட்டீங்க."

ஓட்டோ ஒன்றை மறித்து ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளி, 18

வேலைக்குப் போனேன். மழையா வெயிலா தெரியாது.

கடை ரெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். எல்லாம் வேறு ஆட்களுக்கு. பூத்துக்குள்ளிருந்து ஒரு அம்மா: "நீ ஒண்டும் அனுப்ப வேண்டாம், குரலைக் காட்டு காணும்."

போடிங்கில் அவளை மாதக் கடைசியில் இடத்தை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்களாம். பவன் விசாரித்து வந்தான். பொலிஸ் வந்த வீடு என்ற பெயர் வேண்டாமாம். இதுவும் என் கணக்கில்தான். உடனே போய் அவளைப் பார்க்கப் போகிறேன் என்று சேர்ட்டை மாட்டினேன். பவன் கதவுக்குக் குறுக்கே நின்றான். போய் என்ன சொல்லப்போகிறாய் என்றான். ஒரு அறை பார்த்துத் தருகிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். சொல்ல வாய் எடுத்து, எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுதுவிட்டேன். பவன் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு என்னுடைய பயம் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணனின் பெரிய கை உட்பட. அவள் இனிக் கூப்பிடவே மாட்டாள் என்பதுதான் இப்போது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் என்றும் சொன்னேன். அவன் ஒன்றுக்கும் வழி சொல்லவில்லை. கேட்டான், அவ்வளவுதான். இன்றைக்கு நித்திரை வரும் போலிருக்கிறது.

அவள் கூப்பிடும்வரை போவதில்லை. எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு, 20

காலையில் தூறல். பரமேஸ் அன்ரி வீட்டுப் பூட்டுப்போட்ட ரெலிபோனுக்கு அவள் எடுத்தாள். அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைக் கூப்பிட்டா. கல்லுக்கு வாங்க என்றாள், வைத்துவிட்டாள். முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

கடல் கலங்கிக் கிடந்தது. எனக்குப் பயமாயிருக்கு என்றேன், முதலில். பெறுவதென்றாலும் பயம், இல்லையென்றாலும் பயம், நீர் என்னை விட்டுப் போனாலும் பயம், ஆனால் அதற்கு நீர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, பவனிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டேன். பன்னிரண்டு தரம் ஒத்திகை பார்க்காமல், வாயில் வந்தபடி.

"உமக்கு என்ன வேணும்?"

வாயை மூடிக்கொண்டேன். ஒரு றெயில் போனது. தூறல் நின்று வெயில் எட்டிப் பார்த்தது. வாய் திறக்க எத்தனை தரம் வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடலை விற்கிறவர் வந்து நின்று, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு சொன்னாள். முழுவதும் சொன்னாள். நேர்முகத்துக்குப் போகிறாள், அது நிச்சயம். ஹட்டன் பஸ் ஏறும்வரை நான் வரலாம், அதற்கு அப்பால் அவள் தனியே. செவ்வாய்க்கு மறுபடி டொக்டர். நானும் வர வேண்டும், உள்ளே அவள் கூப்பிட்டால். பிள்ளையைப் பற்றிய முடிவையும் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். கேட்டு முடிந்தபோது என் பயம் குறையவில்லை. ஆனால் நான் எழும்பி ஓடவில்லை.

திரும்பும்போது, இதையெல்லாம் எங்காவது எழுதி வைக்கிறீங்களா என்று கேட்டாள். போட்டோக்கொப்பிக்காரன் எழுதாமல் இருக்கமாட்டான் என்று நினைத்திருக்கிறாள். ஓம் என்றேன். உம்மை ரா. என்று போட்டிருக்கிறேன், ராமலிங்கம் என்று நினைக்கட்டும் என்று. ஸ்டேஷனுக்குப் பிறகு முதன்முறை சிரித்தாள்.

"பேர முழுசா எழுதுங்க. புள்ளயப் பத்திச் சொன்னத மட்டும் எழுதாதீங்க."

ராஜேஸ்வரி.